கூத்து மேடை, எருது ஓட்டம், நடுகல்: ஒரு லட்ச ரூபாய் போனில் நமக்கு எது சரி?

பென்னாகரம்_பரிசல்:

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பென்னாகரம் பக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடக்கும் தெருக்கூத்து, எருது விடும் விழா, வயல்காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகற்கள், இவற்றை எடுத்து யூடியூப்பில் ஏற்றி வருகிறேன். கையில் இருக்கும் போனுக்கு வயதாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். தனியாகக் கேமரா வாங்கச் சொல்லாதீர்கள். பெரிய கேமராவோடு கூட்டத்துக்குள் போனால் எல்லாரும் கேமராவைப் பார்த்து நடந்துகொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். போன்தான் வேண்டும்.

கையில் ஒரு லட்சம் இருக்கிறது. தவணை போட்டால் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். பார்த்து வைத்திருப்பவை: 2025 ஜனவரியில் அறிமுகமான சாம்சங் எஸ்25 அல்ட்ரா (1,29,999 ரூபாயில் தொடக்கம்), ஐபோன் 16 ப்ரோ (1,19,900), பிக்சல் 9 ப்ரோ (1,09,999), விவோ எக்ஸ்200 ப்ரோ (94,999), ஒன்பிளஸ் 13 (69,999). எல்லாம் 2024, 2025இல் இவை வந்தபோதிருந்த அறிமுக விலை.

ஒப்பீட்டு வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் காட்டுவதெல்லாம் பூந்தொட்டி, காபிக் கோப்பை, ராத்திரியில் மின்னும் மேம்பாலம். நான் எடுப்பது ஆடிக்கொண்டே இருக்கும் ஆள், ஓடிக்கொண்டே இருக்கும் மாடு, எழுத்துத் தேய்ந்த கல். இந்த மூன்றுக்கும் எது சரிவரும்? நம் வெயிலில் சூடாகி நின்றுவிடாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:

யோசிக்காமல் எஸ்25 அல்ட்ரா வாங்குங்கள் தம்பி. 200 மெகாபிக்சல், ஐந்து மடங்கு ஜூம், ஏழு வருடத்துக்கு அப்டேட். இதையெல்லாம் விட, அதன் கண்ணாடியில் வெளிச்சம் எதிரொளிக்காத பூச்சு இருக்கிறது. சித்திரை மாத மத்தியானத்தில் தோப்பில் நின்று திரையைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். மற்ற போன்களில் என் முகமும் வானமும்தான் தெரிகின்றன. படம் எடுக்கும்போது என்ன எடுக்கிறோம் என்றே தெரியாவிட்டால் எந்தக் கேமரா இருந்து என்ன?

அரூர்_ஸ்டூடியோ:

திரை விஷயத்தில் மாந்தோப்பு அண்ணன் சொல்வது உண்மை. 200 மெகாபிக்சலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

அந்தக் கேமராவின் சென்சாரில், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லில், ஒரு பிக்சலின் அளவு 0.6 மைக்ரான். இவ்வளவு சிறிய புள்ளிக்குள் வெளிச்சம் போதிய அளவு விழாது. அதனால் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் வழக்கமாகக் கொடுக்கிறது. ஐபோனும் 48 மெகாபிக்சல் சென்சாரில் இதே வேலையைச் செய்துதான் 24 மெகாபிக்சல் படம் தருகிறது. சென்சாரின் பரப்பளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே 200 பெரிதா 48 பெரிதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

எருது ஓட்டத்துக்கு முக்கியம் ஷட்டர் வேகம். வாடியிலிருந்து வெளியே வரும் மாடு நொடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் நூறில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் அதற்குள் மாடு பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டி, கால், வால் எல்லாம் இழுத்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும், படம் நிற்கும். மத்தியான வெயிலில் எல்லாப் போனும் தானாகவே இந்த வேகத்துக்குப் போய்விடும், கவலை இல்லை. மேகம் மூடினாலோ, மாலை நான்கரை மணிக்கு மேல் புழுதியும் நிழலும் சேர்ந்தாலோதான் போனின் குணம் வெளியே வரும்.

அப்போது ஒவ்வொரு போனும் ஒரு முடிவெடுக்கிறது. ஷட்டரை மெதுவாக்கி, மணல் தூவியது போன்ற புள்ளி இல்லாத சுத்தமான படம் கொடுக்கலாம். வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கொஞ்சம் புள்ளி விழ விடலாம். சாம்சங் பல வருடங்களாக முதல் வழியில் போகிறது, ஓடுகிற குழந்தையை எடுத்தால் கலங்குகிறது என்று உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள். இப்போது முன்பைவிடப் பரவாயில்லை. பிக்சலும் ஐபோனும் அசையும் ஆளைக் கொஞ்சம் நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் என் அனுபவத்தில் ஓடும் மாட்டுக்கு எந்தப் போனின் தானியங்கி முறையையும் நம்பக் கூடாது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ முறைக்குப் போய் ஷட்டரை ஆயிரத்தில் ஒன்று என்று பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்வு அளவைத் தானியங்கியில் விடுங்கள். ஐபோனில் அதன் சொந்தக் கேமரா ஆப்பில் இந்த வசதி கிடையாது, வேறு ஆப் போட வேண்டும். இது உங்களுக்குப் பெரிய விஷயம்.

சாம்சங் வாங்கினால் அவர்களுடைய குட் லாக் ஆப் வழியாகக் கேமரா அசிஸ்டன்ட் என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். விரல் பட்டவுடனே படம் எடுக்கும் தேர்வு அதில் இருக்கிறது. இல்லாவிட்டால் விரலை எடுத்த பிறகுதான் எடுக்கும். அதற்குள் மாடு போய்விடும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

யூடியூப் என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் பேச்சே ஐபோன்தான். படத்தை விடுங்கள், வீடியோவில் இன்னும் அதுதான் முன்னால் நிற்கிறது. நின்றபடி எடுத்தாலும், நடந்தபடி எடுத்தாலும், ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் நிறம் குதிக்காது. 16 ப்ரோவில் 4கே தரத்தில் நொடிக்கு 120 ஃபிரேம் வருகிறது. மாடு தாவுவதை மெதுவாக ஓட்டிக் காட்டினால் அவ்வளவு அழகாக இருக்கும். நான்கு மைக் வேறு.

இன்னொரு விஷயம். ஐபோனின் வெளிக்கூடு நம் ஓசூர் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலேயே தயாராகிறது. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் நம் இரண்டு மாவட்டத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் போலத்தான் தெரியும். எனக்கு அதில் பெருமை உண்டு.

பர்கூர்_செல்சர்வீஸ்:

பெருமை சரிதான் நண்பரே, எனக்கும் உண்டு. ஆனால் 1,19,900 ரூபாய்க்குக் கிடைப்பது 128 ஜிபி. அதை யோசித்துப் பார்த்தீர்களா? 4கே 60 ஃபிரேம் வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி பிடிக்கும் என்று ஆப்பிளே சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 24 ஜிபி. கூத்து ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். 128 ஜிபியில் சிஸ்டமும் ஆப்களும் போக மிச்சம் எவ்வளவு? எடிட்டிங்குக்கு ஏற்ற, அதிகம் சுருக்காத ப்ரோரெஸ் வீடியோ எடுக்க நினைத்தால் 128 ஜிபி போனில் உள்சேமிப்பில் 4கே கிடையாது, 1080பிதான்.

வெளியே எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியை மாட்டி நேரடியாக அதில் எடுக்கலாம். ஆனால் பெட்டிக்குள் வரும் கேபிள் சார்ஜ் செய்வதற்கானது, பழைய யூஎஸ்பி 2 வேகம்தான். நல்ல கேபிள் தனியாக வாங்க வேண்டும். இவ்வளவையும் கூட்டிக்கொண்டு விலையைப் பாருங்கள். விவோவில் 94,999க்கு 512 ஜிபி வந்துவிடுகிறது.

பென்னாகரம்_பரிசல்:

சேமிப்பு இடத்தை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, நன்றி அண்ணா. இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்போதெல்லாம் கூத்து மேடையைச் சுற்றி எல்இடி ஃபோகஸ் விளக்கும் டியூப்லைட்டும்தான் கட்டுகிறார்கள். வீடியோவில் கருப்புப் பட்டை பட்டையாக மேலிருந்து கீழே ஓடுகிறது. புது போன் வாங்கினால் இது சரியாகிவிடுமா?

அரூர்_ஸ்டூடியோ:

போனை மாற்றினால் மட்டும் போகாது தம்பி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுச் சுற்று வெளிச்சம் விழும், பட்டை வராது. அறுபதில் ஒன்று, நூற்றியிருபதில் ஒன்று என்று போனால் பட்டை வரும்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் கேமரா, அதற்குள் வீடியோ பதிவு என்று போனால் பால் (PAL) என்ற வீடியோ முறையைக் காட்டும் தேர்வு இருக்கும். அதைப் போட்டால் 25 ஃபிரேம் கிடைக்கும். கூத்துக்கு 25 ஃபிரேம் போதும். மற்ற போன்களில் ப்ரோ வீடியோவுக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டிக்கொள்ளுங்கள். இதைப் பார்த்தால் 120 ஃபிரேம் மெதுவோட்டம் கூத்து மேடைக்கு ஆகாது என்பதும் புரியும். 120 ஃபிரேம் எடுக்க ஷட்டர் குறைந்தது 1/120 இருந்தாக வேண்டுமே. அது பகலுக்கு, மாட்டுக்கு.

கூத்தில் நான் அதிகம் கவலைப்படுவது கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் பற்றி. அவற்றில் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டுகள் ஃபோகஸ் விளக்கில் பளீரென்று அடிக்கும். போன் முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் கிரீடம் வெள்ளையாகக் கரைந்துவிடும். கிரீடத்துக்கு வைத்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கீழே இறக்கிப் பூட்டிவிட்டு எடுங்கள். பின்னால் எடிட்டிங்கில் முகத்தைத் தூக்கிக்கொள்ளலாம், கரைந்துபோன கிரீடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நேர் எதிரே விளக்கு இருந்தால் ஐபோனில் பச்சை நிறப் புள்ளியாக விளக்கின் நிழலுரு மிதக்கும், இது பல தலைமுறையாகத் தொடரும் குறை. இரண்டடி தள்ளி நின்றால் குறையும்.

தேன்கனிக்கோட்டை_டீச்சர்:

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். நம் ஆட்கள் கறுப்பு, மாநிறம். பல போன்கள் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, தோலை மழமழவென்று தேய்த்துவிடுகின்றன. பள்ளி ஆண்டு விழாவில் என் பிள்ளைகளை எடுத்த படங்களை அவர்கள் வீட்டில் காட்டியபோது, "இது எங்க பொண்ணு மாதிரியே இல்லையே டீச்சர்" என்று ஒரு தாய் சொன்னார். அந்தப் பிள்ளை தன் நிறத்தைத் தானே குறைவாக நினைத்துக்கொள்ள ஒரு மெஷின் காரணமாகிவிடக் கூடாது. இதை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை.

கூகுள் 2021இல் பிக்சல் 6 வந்தபோதே ரியல் டோன் என்று இதற்காகத் தனியாக வேலை செய்தார்கள். பிக்சலில் கறுத்த முகம் கறுத்த முகமாகவே, அதன் பளபளப்போடு வருகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மற்ற எந்தப் போன் வாங்கினாலும் முதல் வேலையாக அழகூட்டும் தேர்வுகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பின் கேமராவிலும் அது ஒளிந்திருக்கும், போர்ட்ரெய்ட் முறைக்குள் போய்ப் பாருங்கள்.

பிக்சலில் குறை இல்லாமல் இல்லை. ராத்திரி வீடியோவைத் தேற்றும் வீடியோ பூஸ்ட் என்ற வசதியைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அந்த வேலை போனுக்குள் நடப்பதில்லை, வீடியோவைக் கூகுள் சர்வருக்கு ஏற்றி அங்கே தேற்றித் திரும்ப அனுப்புகிறார்கள். பெட்டமுகிலாளம் மலையில் வாட்ஸ்அப் செய்தி போவதற்கே பாறைமேல் ஏற வேண்டியிருக்கிறது. அங்கே இது எப்படி ஆகும்?

தகடூர்_கல்வெட்டு:

மூன்றாவது விஷயத்துக்கு, அதாவது நடுகல்லுக்கு, இதுவரை யாரும் வரவில்லை. இது என் பைத்தியம், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டங்களில் இருக்கும் நடுகற்களில் பல பல்லவர் காலத்தவை, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்தவை. ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரன், புலியோடு போரிட்டு இறந்தவன் என்று ஒவ்வொரு கல்லும் ஓர் ஆளின் கதை. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருட மழையிலும் வெயிலிலும் எழுத்து தேய்ந்து, இன்று பள்ளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. தொல்லியல் துறையினர் தாள் ஒட்டி மைப்படி எடுப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் படம்தான் கதி.

இந்த எழுத்தைக் காட்டுவது நிழல். காலையில் ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் கல்லின் பக்கவாட்டில் படுத்து வரும்போது, ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் மெல்லிய கோடாக நிழல் விழும். அந்தக் கோடுதான் எழுத்து. இன்றைய விலை உயர்ந்த போன்கள் எல்லாம் என்ன செய்கின்றன தெரியுமா? பல ஃபிரேம்களை எடுத்துச் சேர்த்து, இருட்டான இடத்தைத் தூக்கி, வெளிச்சமான இடத்தை இறக்கி, எல்லாவற்றையும் சமப்படுத்துகின்றன. எச்டிஆர் என்பது இதுதான். குலதெய்வக் கோயில் பொங்கல் படத்துக்கு இது அருமை. நடுகல்லுக்கு விஷம். நமக்கு வேண்டிய அந்த ஒரு கோடு நிழலைத்தான் அது துடைத்து எடுக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியும் எழுத்து, லட்ச ரூபாய் போனின் படத்தில் தெரியாமல் போவதை நான் பாலக்கோட்டுப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நடுகல்லுக்குப் போன் தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் போனில் பதப்படுத்தலை எவ்வளவு தூரம் அணைக்க முடியும்?" என்பதுதான். சாம்சங்கில், ரா என்ற பதப்படுத்தாத மூலக் கோப்பை எடுக்க எக்ஸ்பர்ட் ரா ஆப் இருக்கிறது, கேமரா அசிஸ்டன்டில் தானியங்கி எச்டிஆரையும் அணைக்கலாம். ஐபோன் 16 வரிசையில் போட்டோகிராபிக் ஸ்டைல்ஸுக்குள் டோன் என்ற அளவை இறக்கினால் நிழல் நிழலாகவே நிற்கும், எடுத்த பிறகும் மாற்றலாம். இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். விவோவிலும் ப்ரோ முறையில் ரா கிடைக்கிறது.

வாய்ப்பிருந்தால் ராத்திரியில் போங்கள். ஒரு சாதாரண டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடித்து, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுங்கள். போன் அசையாமல் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். ஒரு படத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கல்லின்மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதீர்கள். எண்ணெய், மஞ்சள் பூசி வழிபடும் கல்லாக இருந்தால் அதைக் கழுவவும் வேண்டாம், அது அவர்கள் சாமி.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:

அருமையாகச் சொன்னீர்கள் ஐயா. ஒரு சந்தேகம். இப்போது ஏஐ வந்துவிட்டது. தேய்ந்த எழுத்தை அதுவே தெளிவாக்கிக் கொடுக்காதா? நூறு மடங்கு ஜூமில் தூரத்துப் பெயர்ப் பலகைகூடப் படிக்கும்படி வருகிறதே.

தகடூர்_கல்வெட்டு:

அதைத்தான் பயந்துகொண்டே சொல்ல வந்தேன். 2023 மார்ச்சில் சாம்சங் போனின் நிலா படம் பற்றி எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். ஒருவர் வேண்டுமென்றே கலங்கடித்த நிலா படத்தைக் கணினித் திரையில் வைத்து, போனால் படமெடுத்தார். மூலத்தில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் வந்திருந்தன. நிலாவை அடையாளம் கண்டால் விவரத்தைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமே பிறகு விளக்கம் கொடுத்தது. நிலா எல்லாருக்கும் ஒரே நிலா, போகட்டும். ஆனால் கல்லில் ஒரு வளைவு கூடினால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் ஊர்ப்பெயர் மாறும், அரசன் பெயர் மாறும். சான்று என்று ஒன்றை வைக்கிறோம் என்றால் அதில் போன் கற்பனை செய்த கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதிக ஜூம் வேண்டாம், பக்கத்தில் போங்கள், ராவில் எடுங்கள், மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

பக்கத்தில் போவதிலும் ஒரு சிக்கல்: நம் நிழலே கல்லில் விழும். விவோ எக்ஸ்200 ப்ரோவில் தூர லென்ஸிலேயே மேக்ரோ, அதாவது நெருக்கப் படம், எடுக்க முடிவது இதற்குப் பயன்படுகிறது. தள்ளி நின்றே எழுத்தை நிறைத்து எடுக்கலாம், கல்லின் விளிம்பும் வளைந்து தெரியாது.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

ஐபோன் ப்ரோவில் லேசரால் தூரம் அளக்கும் லைடார் இருக்கிறதே, கல்லை அப்படியே முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவிடலாமே?

தகடூர்_கல்வெட்டு:

அறையை அளக்க, கல்லின் மொத்த உருவத்தைப் பிடிக்க லைடார் போதும். மில்லிமீட்டர் ஆழ எழுத்துக்கு அதன் நுணுக்கம் போதாது. அதற்குப் பதில் சுற்றிச் சுற்றி நிறையப் படம் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணக்கிடும் முறை இருக்கிறது. அதற்கு எந்த நல்ல போனும் போதும்.

செட்டிக்கரை_ஈசிஇ:

பெர்ஃபார்மன்ஸ் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. எஸ்25 அல்ட்ராவிலும் ஒன்பிளஸ் 13இலும் இருக்கும் சிப் ஸ்னாப்டிராகன் 8 எலைட், ஐபோன் 16 ப்ரோவில் ஏ18 ப்ரோ, விவோவில் டைமென்சிட்டி 9400. மூன்று சிப்புமே 3 நானோமீட்டர் முறையில் செய்தவை. பிக்சல் 9 ப்ரோவின் டென்சர் ஜி4 மட்டும் 4 நானோமீட்டர், வேகத்தில் இவற்றுக்குப் பின்தான். கேம் ஆடாவிட்டால் தினசரி வேலையில் வித்தியாசம் தெரியாது. 4கே வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடும்போது தெரியும்.

வேகத்தை அளக்கும் அன்டுடு ஆப்பின் மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது முதல் சில நிமிட வேகம். 3டி மார்க் என்ற ஆப்பில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இருக்கிறது, ஒரே சோதனையை இருபது முறை விடாமல் ஓட்டும். கடைசியில் நிலைத்தன்மை என்று ஒரு சதவீதம் காட்டும், அது மிக நல்ல சுற்றுக்கும் மிக மோசமான சுற்றுக்கும் உள்ள விகிதம். இதிலும் ஒரு நுணுக்கம்: மெதுவாகத் தொடங்கும் போன் அதே மெதுவான வேகத்தில் கடைசிவரை ஓடினால் சதவீதம் அதிகமாகக் காட்டும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, கடைசிச் சுற்றின் மதிப்பெண்ணை நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். சோதனை செய்தவர் ஏசி அறையில் செய்தாரா என்றும் பாருங்கள். எங்கள் ஹாஸ்டல் மாடி அறையில் மே மாதம் ஓட்டினால் வருவது வேறு கணக்கு.

பர்கூர்_செல்சர்வீஸ்:

தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் எழுதியே வைத்திருக்கிறது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே அதைத் தாண்டுகிறது. வெயிலில், கறுப்பு கவருக்குள், திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, 4கே 60இல் எடுத்தால் போன் என்ன செய்யும்? முதலில் திரையை மங்கலாக்கும். பிறகு ஃபிரேம் தடுமாறும். கடைசியில் கேமராவையே மூடிவிடும். இது எந்த ஒரு கம்பெனிக்கும் உரிய குறை அல்ல, கைக்குள் அடங்கும் பெட்டியில் அவ்வளவு சூட்டைக் கடத்த இடம் இல்லை.

எஸ்25 அல்ட்ராவில் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பரை முந்தைய மாடலைவிட 40 சதவீதம் பெரிதாக்கியிருப்பதாகச் சாம்சங் சொல்கிறது. ஐபோன் 16 ப்ரோவில் வேப்பர் சேம்பரே கிடையாது. நீண்ட நேரம் வெயிலில் எடுக்கும் ஆளுக்கு இது கணக்கில் வர வேண்டும்.

கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். எடுக்கும்போது கவரைக் கழற்றுங்கள். பவர்பேங்கில் சொருகிக்கொண்டே எடுக்காதீர்கள், சார்ஜ் சூடும் கேமரா சூடும் சேர்ந்துவிடும். மாட்டுக்கு 4கே 30 போதும், மெதுவோட்டம் வேண்டிய இடத்தில் மட்டும் 120க்குப் போங்கள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் போனைத் துண்டால் மூடி நிழலில் வையுங்கள். சூடான போனை ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஒகேனக்கல்லுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் தூசியும் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று எழுதியிருந்தாலும் தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடைக்காது. பரிசலில் போகும்போது கழுத்தில் மாட்டும் கயிறு போடுங்கள். சாரல் பட்ட திரை தொடுகைக்குக் கேட்காது, வால்யூம் பட்டனை ஷட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் பற்றி: ஒரு பெரிய கம்பெனி போனுக்குத் திரை மாற்ற என் வாடிக்கையாளர் ஒருவர் பெங்களூருக்கும் ஊருக்குமாக அலைந்தார், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியே திரையின் விலையைத் தொட்டது. வாங்கும் முன் அந்தக் கம்பெனிக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் இவற்றில் எங்கே அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று போன் போட்டே கேட்டுவிடுங்கள். இணையதளத்தில் இருக்கும் முகவரியை நம்பிப் போகாதீர்கள்.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:

எல்லாரும் சேர்ந்து விவோ பக்கம் தள்ளுவது போலத் தெரிகிறது. அப்டேட்டைப் பாருங்கள். சாம்சங்கும் பிக்சலும் ஏழு வருடம் தருகின்றன. விவோவில் ஆண்ட்ராய்டு நான்கு முறை, பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருடம், அவ்வளவுதான். விற்கப் போனாலும் ஐபோனுக்கும் சாம்சங்குக்கும் கிடைக்கும் விலை விவோவுக்குக் கிடைக்காது.

அரூர்_ஸ்டூடியோ:

உண்மைதான் அண்ணா, மறுக்கவில்லை. ஐந்து வருடம் ஒரே போனை வைத்திருக்கப் போகிற ஆளுக்கு நானும் சாம்சங்கைத்தான் சொல்வேன்.

ஆனால் இவர் வேலையைப் பாருங்கள். எருது விழாவில் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும், கூத்தில் சபைக்கு முன்னால் போய் மறைக்க முடியாது. இரண்டிலும் மூன்று நான்கு மடங்கு ஜூம்தான் ஓடும். எஸ்25 அல்ட்ராவில் மூன்று மடங்குக்கு இருப்பது 10 மெகாபிக்சல், மிகச் சிறிய சென்சார். ஐந்து மடங்கு லென்ஸ் 50 மெகாபிக்சல், ஆனால் வெளிச்சம் நுழையும் துளை எஃப்/3.4 (எண் கூடினால் துளை சிறிது), ராத்திரிக்கு இருட்டு. ஐபோன் 16 ப்ரோவில் ஒன்றிலிருந்து நேராக ஐந்து மடங்குக்குத்தான் லென்ஸ். நடுவில் எடுப்பதெல்லாம் முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பதுதான். விவோவில் 85 மில்லிமீட்டர், அதாவது 3.7 மடங்கு, சென்சார் 1/1.4 அங்குலம், துளை எஃப்/2.67. பல போன்களின் முதன்மைக் கேமராவுக்கே இவ்வளவு பெரிய சென்சார் கிடையாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முகத்தில் வழியும் அரிதாரத்தைச் சபையின் நான்காவது வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ்தான் உதவும், எண்கள் உதவாது.

வீடியோவில் ஐபோன் இன்னும் ஒரு படி மேல், அதை ஓசூர் நண்பருக்காக மட்டுமல்ல, உண்மையாகவே ஒத்துக்கொள்கிறேன். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் ஒன்றாக ஏறும்போது எந்தப் போனின் மைக்கும் திணறும். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி வாங்கிப் பக்கவாத்தியக்காரர்கள் பக்கத்தில் வையுங்கள். பார்க்கிறவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், கரகரக்கும் பாட்டைப் பொறுக்கமாட்டார்கள்.

தேன்கனிக்கோட்டை_டீச்சர்:

விவோ வாங்கினால் நிறத்துக்கு ஸைஸ் (Zeiss) நேச்சுரல் என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றது கொஞ்சம் சிங்காரிக்கும். அரிதாரம் பூசிய முகத்தில் சிவப்பும் பச்சையும் ஏற்கெனவே அடர்த்தி, போனும் தன் பங்குக்கு ஏற்றினால் முகபாவமே தெரியாது.

பென்னாகரம்_பரிசல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். எக்ஸ்200 ப்ரோ என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் அந்த ஜூம் லென்ஸும் 512 ஜிபியும். வீடியோவில் ஒரு படி குறைவு என்பதைத் தெரிந்தேதான் எடுக்கிறேன், கூத்தை 25 அல்லது 30 ஃபிரேமில் ஷட்டரைப் பூட்டி எடுத்தால் என் தேவைக்குப் போதும். மிச்சப் பணம் ஒலிப்பதிவுக் கருவிக்கு.

கல்வெட்டு ஐயா, எங்கள் ஊர் ஏரிக்கரையில் புளியமரத்தடியில் பாதி புதைந்த கல் ஒன்று இருக்கிறது. வில்லோடு ஓர் ஆள், மேலே இரண்டு வரி எழுத்து. போன் வந்ததும் டார்ச் வைத்து நீங்கள் சொன்னபடி எடுத்து இங்கேயே போடுகிறேன்.

தகடூர்_கல்வெட்டு:

போடுங்கள் தம்பி, காத்திருக்கிறேன். புதைந்த பகுதியைத் தோண்டிவிடாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள், கல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜேபெக் மட்டும் போதாது, ரா கோப்பையும் டிரைவில் ஏற்றி இணைப்பு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

பர்கூர்_செல்சர்வீஸ்:

பில்லை உங்கள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள், போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியோடும் போனோடும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள். முதல் வாரமே மத்தியான வெயிலில் அரை மணி நேரம் வீடியோ ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கோளாறு ஏதும் இருந்தால் மாற்றிக் கேட்க அப்போதுதான் எளிது.